வறுத்த பார்லித் தேத்தண்ணி

டயலிசிஸ் செய்த காலத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று எனக்கு அளவு இருந்தது. கிட்னி இரண்டும் கைவிட்டால் குடிக்கிற தண்ணிக்குப் போக வழியில்லை, உடம்பிலேயே நிற்கும். காலையில் என் மனிசி ஒரு சின்னப் போத்தலை நிரப்பி மேசையில் வைப்பாள். தேத்தண்ணி, சொதி, குளிசை விழுங்குகிற தண்ணி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வெயில் நாட்களில் வாயில் ஐஸ்கட்டியோடு, இங்கே ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தின் தொங்கு ரயிலில் இருந்துகொண்டு, ஏறுகிறவன் இறங்குகிறவன் கையில் இருக்கிற போத்தலையெல்லாம் பார்ப்பேன். பசியை விடத் தாகம் பொல்லாதது. மானத்தை வாங்கிவிடும்.

பிறகு மகள் தன்னுடைய கிட்னி ஒன்றை எனக்குத் தந்தாள். சும்மா தரவில்லை, சண்டை பிடித்துத் தந்தாள். மனிசியினுடையது பொருந்தாது என்று தெரிந்ததும், "அப்ப நான்" என்றாள். வாழ வேண்டிய பிள்ளை, விசர்க்கதை கதையாதை என்று கத்தினேன். ஒழுங்காகக் கத்தவும் அப்போது என்னிடம் பலம் இல்லை. அவள் பொருத்தம் பார்க்க ஆஸ்பத்திரியில் நாள் குறித்து டெர்மின் எடுத்த பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். இனி நிறையக் குடிக்க வேண்டும், புதுக் கிட்னியைக் காயவிடக்கூடாது என்றார் டொக்டர். முதல்முதல் ஒரு முழுக் கிளாஸ் தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், சந்தோசத்தில்தான். கொஞ்ச நாள் போக, பச்சைத்தண்ணி அலுத்துவிட்டது. மனிசப் பிறவியைப் பாருங்கோ!

மகளுக்கு டுசில்டோர்பில் வேலை. அங்கே ஒரு தெரு முழுக்க ஜப்பான்காரரின் கடைகள். ஒருநாள் ஒரு பக்கெற் கொண்டுவந்தாள். வறுத்த பார்லியில் போடுகிற தேத்தண்ணியாம். ஜப்பானில் கோடைக்கு வீட்டுக்கு வீடு குளிரவைத்துக் குடிப்பார்களாம். பேர்தான் தேத்தண்ணி, தேயிலை ஒரு துளியும் இல்லை. வாயில் வைத்தால், அடிப்பிடித்த சோற்றுப்பானையைக் கழுவின தண்ணி மாதிரி இருந்தது. அதை அப்படியே சொன்னேன்.

"இன்னொருக்காக் குடிச்சுப் பாருங்கோ அப்பா" என்றாள். அவள் சொல்லி நான் ஏலாது என்று மறுக்கிற காலம் முடிந்துவிட்டதே, குடித்தேன். அடுத்த போத்தலில் பிடித்துப்போய்விட்டது.

பக்கெற் முடிந்ததும் துருக்கிக் கடையில் பார்லி வாங்கி நானே வறுக்கத் தொடங்கினேன். தாச்சியில் எண்ணெய் விடாமல், மெல்லிய சூட்டில், கை ஓயாமல் கிண்ட வேண்டும். முதலில் மா வறுக்கிற வாசம் வரும். அதோடு இறக்கினால் கஞ்சி மணம்தான் மிஞ்சும். கோப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும், கொஞ்சம் பிந்தினாலோ கரி. ஒருநாள் புகைக்கு அலாரம் கத்தி, மேல்வீட்டு ஜெர்மன் மனிசி செருப்பில்லாமல் ஓடிவந்தது. வறுத்ததைக் கொதிதண்ணியில் போட்டுக் கொஞ்சநேரம் அவியவிட்டு, ஆறவைத்து, வடித்துப் பிரிஜில் வைப்பேன். அடுத்தநாள் மடமடவென்று குடித்தால் கடைசியில் நாக்கில் ஒரு சின்ன இனிப்பு வரும். போதும் நிப்பாட்டு என்று சொல்ல ஒருவரும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய ருசி.

போன கோடையில் எசன் நகரத்திலிருந்து ஒரு குடும்பம் மகளைப் பார்க்க வந்தது. தாய், தகப்பன், பெடியன். மகளும் பெடியனும் முன்னமே இரண்டு மூன்று தரம் சந்தித்துக் கதைத்திருந்தார்கள், அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. கிட்னிக் கதையை மட்டும் அவனுக்கும் இன்னும் சொல்லவில்லை. எல்லாம் சரிவந்த பிறகு சொல்லலாம் என்று மனிசி மறித்து வைத்திருந்தாள். அன்றைக்கு ரோல்ஸ், வடை, கேக் எல்லாம் செய்து, என் குளிசைப் பெட்டியையும் அலுமாரிக்குள் ஒளித்தாள். பிரிஜில் இருந்த போத்தலை மறந்துபோனாள்.

வெக்கை தாங்க ஏலாத நாள். மகள் எல்லாருக்கும் பார்லித் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் ஆட்களுக்குப் பார்லி என்றால் மருந்து. நீர்க்கடுப்பு, கால்வீக்கம் என்று யாராவது படுத்தால்தான் வீட்டில் பார்லி அவியும். பெடியனின் தாய் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸைப் பார்த்தா.

"இது பார்லியெல்லோ? ஆருக்கு வருத்தம்?"

"ஐயோ, ஒருத்தருக்கும் இல்லை அக்கா! இது ஜப்பான்காரரின்ரை தேத்தண்ணி" என்று மனிசி அவசரப்பட்டாள்.

"அப்பாவுக்குத்தான் அன்ரி" என்றாள் மகள். "கிட்னி மாத்தினது. குடுத்தது நான்."

தாய் கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தா. பெடியன் தாயின் முகத்தைப் பார்த்தான். தகப்பன் மட்டும் பாவம், நல்லாயிருக்கு என்று சொல்லித் தன்னுடையதைக் குடித்து முடித்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழும்பினார்கள்.

"வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமெல்லோ?" என்று மனிசி பாய்ந்தாள்.

"வயித்திலை இருக்கிற தழும்பை எங்கை அம்மா ஒளிக்கிறது?" என்றாள் மகள்.

அடுத்த கிழமை, இடையில் நின்று இந்தச் சம்பந்தத்தைப் பேசின அக்கா போன் எடுத்தா. பிள்ளைப்பேற்றில் கஷ்டம் வரும் என்று அவர்கள் பயப்படுகிறார்களாம். கிட்னி கொடுத்தவர்களும் பிள்ளை பெறலாம், கவனமாகப் பார்த்துக்கொண்டால் சரி என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வாயெடுக்க முன்னம் போன் வைக்கப்பட்டுவிட்டது. மனிசி குசினிக்குள் போய் அழுதாள். எனக்கு முன்னால் காலையில் ஊற்றிய கிளாஸ் அப்படியே இருந்தது. என் பிள்ளையின் வாழ்க்கையை நான் குடித்துவிட்டேன் என்பதைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை.

பின்னேரம் மகள் வேலையால் வந்தாள். பெடியன் வேண்டாமென்று அவளுக்கு நேரே எழுதியிருந்தான் போல. அவள் கண் சிவந்திருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து என் கிளாஸைப் பார்த்தாள். சூடேறிக் கிடந்ததைச் சிங்கில் ஊற்றிவிட்டு, பிரிஜைத் திறந்து, விளிம்புவரை புதிதாக நிரப்பி, டக்கென்று என் முன்னால் வைத்தாள்.

"குடியுங்கோ அப்பா. கவலையைப் பிறகு படலாம். அது என்ரை கிட்னி, காயவிடாதேங்கோ."

ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.