பழைய பிக்கப்

எங்கள் வீட்டில் பிக்கப் என்றால் ஆக்சிலேட்டரைத் திருகியதும் வண்டி பாய்வது. மாமா அந்தச் சொல்லை ஒரு கிட்டாருக்குச் சொன்ன அன்று அப்பா சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார்.

"ஏன் மச்சான், இதுல ஏறினா ஒரகடம் வரைக்கும் போலாமா?"

மாமா வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்வியிருந்தார்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டிலேயே தங்கி, ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தார். லைனில் வருவதைப் பார்த்து அட்டை கட்டுவது அவருடைய வேலை. பச்சை அட்டை கட்டினால் நல்ல சாமான். சிவப்பு கட்டினால் கழிசல். மஞ்சள் கட்டினால் ஹோல்டு, அதாவது பெரியவர் யாராவது வந்து முடிவு சொல்லும் வரை அது ஓரமாகக் கிடக்கும். வீட்டிலும் அவர் அப்படித்தான் பேசுவார். இட்லி கல்லாக இருந்தால் சிவப்பு. பார்க்கப்போன பெண் வீட்டார் பதில் சொல்லாமல் இழுத்தால் மஞ்சள்.

அந்தக் கிட்டாரை, பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்து ஊருக்குத் திரும்பிய ஒரு பையனிடமிருந்து வாங்கினார். மின்சாரத்தில் பாடும் ரகம். வாங்கியபோது அது சோகையாகத்தான் இருந்தது. முதலில் தந்தி முறுக்கும் சாவிகளை மாற்றினார். பிறகு உள்ளே ஓடும் வயரையெல்லாம் பிடுங்கிப் புதிதாகப் பற்றவைத்தார். பெயிண்ட் ஷாப்பில் இருந்த சிநேகிதன் ஒருவன் கார்களுக்கு அடிக்கிற நீலத்தை அதற்கும் அடித்துக் கொடுத்தான். கடைசியாகத்தான் பிக்கப். தந்திகளுக்கு அடியில் உட்கார்ந்து அவற்றின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் சின்னக் கட்டை அது, உள்ளே காந்தம். புதிது இரண்டு வாங்கிப் பொருத்தினார். அன்றைக்குத் தெருமுனை வரை சத்தம் கேட்டது.

பழைய பிக்கப் இரண்டும் ஜன்னல் விளிம்பில் கிடந்தன. அம்மா ஜாக்கெட் தைப்பவள். குண்டூசி டப்பா கவிழ்ந்த ஒரு நாள் கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தரையில் தடவினாள். ஊசியெல்லாம் முள்ளம்பன்றி மாதிரி வந்து ஒட்டிக்கொண்டன. "டேய், நீ வாங்கினதுல இதான்டா உருப்படி" என்று சொல்லி இரண்டையும் மிஷின் டிராயரில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்கு அந்தக் கிட்டார் சத்தம் ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். "நிறுத்துடா, தலை வெடிக்குது" என்று ஷிப்டுக்கு ஒருமுறை கத்துவாள். மாமா வாசிக்கும்போது மிஷினும் ஓடும். அவர் மெதுவாக வாசித்தால் மெதுவாக, வேகம் எடுத்தால் வேகமாக. அவசர ஆர்டர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஐந்தாவது படித்தபோது மாமாவுடைய காண்ட்ராக்ட் முடிந்தது. முடிந்தது என்றால் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பென்னலூர்ப் பக்கம் வேறொரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். பெயர் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வரச் சொன்னார்கள். ஆனால் காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. விடியற்காலை நேரத்தில் எங்கள் ஊரிலிருந்து அங்கே போக வேறு பஸ்ஸும் கிடையாது. வண்டி இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

வீட்டில் வண்டிக்கு ஆகும்படி இருந்த ஒரே சாமான் கிட்டார்தான்.

விற்கலாம் என்று சென்னையில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் அதையே தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"மாத்திப் போட்டதுக்கெல்லாம் வெல கெடையாதாம். கம்பெனில வந்தாப்ல இருந்தா எடுத்துக்குவானாம்."

"நல்லதா மாத்தினது தப்பா?" என்றார் அப்பா.

"அப்டித்தான் சொல்றான்."

மாட்டுக்குத் தீனி போட்டால் விலை ஏறும், கிட்டாருக்குப் போட்டால் இறங்கும் என்று அப்பா ஒரு கணக்குச் சொன்னார். மாமா சிரிக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் கிட்டாரின் கழுத்தில் கட்டிச் சுவரோரம் சாய்த்தார். வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அது வாயைத் திறக்கவில்லை.

"வித்துத் தொலைடா. எவனாவது வண்டி குடுத்தா மாத்திக்கோ. சோறு போடுமா அது?" என்று அம்மா நாளுக்கு நாள் குரலை ஏற்றினாள். அதே வாரத்தில் ஒரு ஜாக்கெட்டின் இடது கையை வலதுபக்கம் வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் அப்படியே தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, வண்டியைக் கொடுத்துக் கிட்டாரை மாற்றிக்கொள்ளலாம் என்று தூத்துக்குடி அண்ணன் வந்தார். எங்களுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் நாலு பேரோடு தங்கியிருந்தவர். ரூம் வாசலுக்கே கம்பெனி பஸ் வந்ததால் அவருடைய வண்டி வேப்பமரத்தடியில் காக்கை எச்சம் வாங்கிக்கொண்டு நின்றது. கோயிலில் பாட்டுக்குழுவுக்குக் கிட்டார் வாசிப்பவர். எந்தக் கோயில் என்று அப்பா கேட்டதற்கு, படப்பை வழியில் இருக்கும் மாதா கோயில் என்றார்.

வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். மாமா வயரைச் செருகினார். அண்ணன் ஒரு தட்டுத் தட்டியதும் அலமாரியில் இருந்த டம்ளர்கள் அதிர்ந்தன.

"ஏ யப்பா! இத வச்சிப் பாடுனா ஃபாதர் எங்கள வெரட்டிருவாரு மாப்ள. சத்தம் ரொம்பக் கூடுதலால்லா கெடக்கு."

"பிக்கப் புதுசு" என்றார் மாமா.

"என் வண்டியும் பிக்கப்பு நல்லாருக்கும். அதுக்குன்னு கோயிலுக்குள்ளயா ஓட்டுவேன்? பழசு இருக்குல்லா, அதப் போட்டுத் தா. புதுச நீயே வச்சிக்க. வண்டிய இப்பமே விட்டுட்டுப் போறேன்."

மாமாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். வண்டியும் வரும், அவர் ஆசைப்பட்டு வாங்கிய புது பிக்கப்பும் கையில் தங்கும். நாளைக் காலை பென்னலூர். அவர் எழுந்து போய் அந்த மஞ்சள் அட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அக்கா, அந்தப் பழசு ரெண்டும் எங்க வெச்சிகீற?"

அம்மா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "எந்தப் பழசு?"

"ஊசி பொறுக்குவியே, அது."

"அதுவா? காயலாங்கடைக்காரன் வந்தான். ஒடஞ்ச ஃபேனோட சேத்துப் போட்டு பக்கெட் வாங்கிட்டேன்."

"இன்னாக்கா நீ! எப்போ?"

"போன வாரமோ எப்பவோ. எனக்கு இன்னா தெரியும், குப்பைனு நெனச்சேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "பக்கெட் எங்க?"

"பக்கத்து வூட்ல கேட்டாங்க, குடுத்துட்டேன்."

அப்பா கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். பிறகு, ஓடிக்கொண்டுதான் இருக்கிறதா என்று சோதிப்பவர் போல மேலே உத்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்த எங்களுடைய ஒரே ஃபேனைப் பார்த்தார். "சரி, போனது போச்சு" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று காலையில்தான் அந்தப் பிக்கப்பை டிராயரில் பார்த்திருந்தேன். அம்மாவின் முழங்கால் இப்போது அந்த டிராயரின்மேல் அழுந்தியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பினாள்.

"இங்க இன்னா வேடிக்க? போ, வந்தவருக்கு ஒரு கலர் வாங்கினு வா."

கலர் பாட்டிலோடு வந்தபோது வாசலில் வண்டி இல்லை. கலரை மாமாவும் நானும் குடித்தோம்.

பென்னலூர் வேலை போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஒருவனைப் போட்டுக்கொண்டார்கள். மாமா நடந்து போகும் தூரத்தில் ஒரு குடோனில் லோடு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். கூலி குறைவு. அடுத்த வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டது. இதெல்லாம் யார் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவிடம் கேட்கும் வயது வந்தபோது நான் ஊரில் இல்லை.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஓசூரில் கொஞ்ச நாள், கேரளத்தில் மீன் பேக்கிங்கில் கொஞ்ச நாள், ஒன்றும் நிலைக்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முதல்முறை என் மிஷினில் ஊசி உடைந்தபோது சூப்பர்வைசர் அக்கா குச்சி வைத்த காந்தம் ஒன்றைக் கொண்டு வந்து தரையைத் தடவினாள். உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்தால்தான் லைன் மறுபடி ஓடும். "இது எங்கக்கா கிடைக்கும்?" என்று கேட்டேன். "எந்த ஃபேன்சி ஸ்டோர்ல கேட்டாலும் குடுப்பாங்க. என்ன, காந்தத்த பாத்ததே இல்லாத மாதிரி கேக்குற?" என்றாள்.

அதுவரை, அம்மா ஊசிக்காகத்தான் பொய் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா யாரிடமும் பேசாமல் வயரைச் செருகிவிட்டு உட்கார்ந்தார். பாதி அவிழ்ந்த மஞ்சள் அட்டை கிட்டாரின் கழுத்திலேயே தொங்கியது. முதலில் கோபமாக வாசித்தார், அப்புறம் சும்மா வாசித்தார். அம்மா கத்தவில்லை. மிஷின் ஓடும் சத்தம் கேட்டது, மாமாவின் கைக்குச் சரியாக. டிராயரில் அந்தப் பழைய பிக்கப் இருக்கிறதா என்று பார்க்க அம்மாவின் பக்கத்தில் போனேன். அம்மாவின் கால் மிதித்துக்கொண்டிருந்தது, ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் துணி இல்லை. நூலும் கோக்கவில்லை.

"அம்மா, துணி வைக்காம தைக்கிற" என்று எடுத்துச் சொன்னேன்.

"தெரியும், போடி" என்றாள்.