மார்கழி மூன்று என்று எழுதிய கட்டை

மார்கழி ஒன்பதாம் தேதி ஊற்றிய ரெசினுக்கு மார்கழி மூன்று என்று தேதி எழுதியவன் நான். அந்த ஒரு பொய்யால் என் அக்காவின் கணவர் தன் தொழிலை விட்டார். மூன்று வருடங்களாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. மரத்துப்போன விரலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

திருத்தணியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தேதி பார்ப்பதுதான் என் பிழைப்பு. காலாவதியான ஒரு மாத்திரைகூட என் கடையிலிருந்து வெளியே போனதில்லை. படிப்பதில் ஆசை உண்டு, எழுதி வைப்பதில் அதைவிட ஆசை. ஊரில் எந்த நாள் மழை பெய்தது, கோயில் பாதை எந்த நாள் அடைபட்டது, மின்சாரம் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது... எல்லாம் என் நோட்டில் இருக்கும். ஊரில் யாருக்காவது ஒரு தேதியில் சந்தேகம் வந்தால் என் கடைக்குத்தான் வருவார்கள்.

அந்த நோட்டுகளில் அடித்தல் திருத்தல் கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் குற்றம் அந்தப் பெருமையிலிருந்துதான் தொடங்கியது.

என் அக்காவின் கணவரை நான் பாவா என்று அழைப்பேன். கடைசல் பட்டறை வைத்திருந்தார். லேத் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் உளி வைத்துக் கட்டில் கால், பூரிக்கட்டை, சிமிழ் எல்லாம் கடைவார். ஒருநாள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். பாதி மரம், பாதி கண்ணாடி போன்ற ரெசின், அதற்குள் உலர்ந்த பூ. இரண்டையும் சேர்த்தே கடைந்திருந்தார்கள். பாவா வெகுநேரம் பார்த்துவிட்டு, ஊற்றுவது என் பொறுப்பு, கடைவது அவர் பொறுப்பு என்றார்.

நான் படித்துத்தான் இறங்கினேன். ரெசின் என்பது இரண்டு திரவங்கள். ஒன்று ரெசின், மற்றது அதை இறுக வைக்கும் ஹார்டனர். இரண்டையும் எடை பார்த்துக் கலந்து, மரத்துண்டு வைத்த அச்சில் ஊற்ற வேண்டும். தொட்டால் இறுகிவிட்டதுபோல் ஒரே நாளில் தெரியும். உள்ளே இறுகி முடிய நாளாகும். அதற்குமுன் கடைந்தால் அந்தத் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. ஒருமுறை உடம்பு அதை வெறுத்துவிட்டால் பிறகு ஆயுளுக்கும் வெறுக்கும்.

ஆகவே பட்டறைச் சுவரில் ஒரு விதி எழுதி ஒட்டினேன். வெயில் காலத்தில் ஏழு நாள், மார்கழிக் குளிரில் பத்து நாள். அதற்குமுன் கட்டையை லேத்தில் ஏற்றக் கூடாது. பத்து நாளுக்குப் பிறகு முகமூடி மட்டும் போட்டுக் கடையலாம். ஒவ்வொரு கட்டையிலும் ஊற்றிய தேதியைப் பென்சிலால் எழுதுவேன். நோட்டிலும் எழுதுவேன்.

பாவா அந்த விதியை மீறியதே இல்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சிரிப்பார்.

"எங்க கல்யாணத் தேதி எனக்கு மறந்துபூட்டாலும் இவன் நோட்டுல இருக்குது. உங்கக்கா கையில நான் அடி வாங்காத இருக்கிறதே உன்னாலதான் மச்சான்."

திருத்தணி மலைக்கு முன்னூற்று அறுபத்தைந்து படிகள், வருடத்தின் நாள்களுக்கு ஒன்றாக. ஆங்கில வருடம் முடியும் நாளில் படித் திருவிழா. படிக்குப் படி மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே ஏறுவார்கள். அந்த வருடம் கார்த்திகை மாதமே பள்ளிப்பட்டிலிருந்து ஒரு பஜனைக் குழுவினர் வந்தார்கள், பன்னிரண்டு பெண்கள். ஆடிக் கிருத்திகைக்கு எடுத்த காவடியின் அரைகுறையாகக் காய்ந்த பூக்களை ஒரு பையில் வைத்திருந்தார்கள். அந்த இதழ்கள் உள்ளே தெரியும்படி ஆளுக்கொரு குங்குமச் சிமிழ் வேண்டும், படித் திருவிழாவுக்குக் கையில் இருக்க வேண்டும் என்றார்கள்.

இதழ்களில் ஈரம் இருக்கக் கூடாது. மாத்திரை டப்பாக்களில் ஈரம் உறிஞ்சப் போட்டிருக்கும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, அவற்றோடு மூடி உலர்த்தினேன். சருகாயின. நிறம் மட்டும் போகவில்லை. அந்த வேலையில் எனக்கு எவ்வளவு கர்வம்!

மார்கழி மூன்றாம் தேதி, மதியம் கடையைச் சாத்திவிட்டு மாடியில் ஊற்றினேன். ஹார்டனரைத் தராசில் பாதி ஊற்றியிருந்தபோது கீழே ஷட்டரைத் தட்டினார்கள். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். இறங்கிப்போய் மருந்து கொடுத்துவிட்டு வந்தேன். மீதியையும் ஊற்றிவிட்டதாக நினைத்துக் கலந்துவிட்டேன்.

எட்டாம் தேதி அச்சைத் திறந்தேன். வெல்லப்பாகுபோல் கையுறையில் ஒட்டியது. பன்னிரண்டும் வீண்.

அப்போதே பாவாவிடம் போய்ச் சொல்லியிருந்தால்... கலவை தப்பிவிட்டது, திரும்ப ஊற்ற வேண்டும், படித் திருவிழாவுக்கு முடியாது என்று சொல்லியிருந்தால்... அந்தப் பெண்கள் முகம் சுளித்திருப்பார்கள். பாவா இரண்டு நாள் கேலி செய்திருப்பார். அவ்வளவுதானே?

நான் சொல்லவில்லை. பாகுபோல் இருந்தவற்றை அழித்தேன். மீதமிருந்த இதழ்களை எடுத்து ஒன்பதாம் தேதி புதிதாக ஊற்றினேன். இம்முறை எடை மிகச் சரி. நோட்டைத் திறந்தேன். 'மார்கழி 3, பன்னிரண்டு கட்டைகள்' என்று என் கையெழுத்து இருந்தது. அதன்கீழே 'வீண்' என்று எழுத வேண்டும். பேனாவைத் திறந்தேன், மூடினேன். அந்தப் பக்கம் அவ்வளவு சுத்தமாக இருந்தது...

புதிய கட்டைகளிலும் பென்சிலால் மார்கழி மூன்று என்றே எழுதினேன். பன்னிரண்டு முறை எழுதினேன்.

பதின்மூன்றாம் தேதி பாவா தேதியைப் பார்த்துவிட்டு முதல் கட்டையை லேத்தில் ஏற்றினார். கணக்குப்படி பத்து நாள். உண்மையில் நான்கு நாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சிறிது நேரத்தில் லேத்தை நிறுத்தினார்.

"இன்னா மச்சான், சுருள் மொழமொழன்னு வருது. வாடை வேற அடிச்சிகினு இருக்குது. பத்து நாள் ஆயிடிச்சில்ல?"

"ஆயிடிச்சி பாவா. கட்டையிலேயே எழுதியிருக்குது பாருங்க."

"ஆங். நீ எழுதினா சரிதான். குளிருக்கு அப்படி இருக்குது போல."

முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுத் திரும்ப லேத்தை ஓட்டினார். மூன்று நாள் கடைந்தார், தேய்த்தார், பளபளப்பாக்கினார். வெள்ளைத் தூள் அவர் கைமயிரிலும் புருவத்திலும் படிந்திருந்தது. அதைத் துண்டால் தட்டிவிட்டுக்கொண்டே சாப்பிடப் போனார்.

சிமிழ்கள் அழகாகத்தான் வந்தன. படித் திருவிழா அன்று படியேறிய பெண்களின் கையில் பார்த்தேன். நானும் வழக்கம்போல் ஒவ்வொரு படியையும் ஒரு நாளாக எண்ணிக்கொண்டு ஏறினேன். மார்கழி மூன்று, அதாவது டிசம்பர் பதினெட்டு, முன்னூற்று ஐம்பத்திரண்டாம் படி. மார்கழி ஒன்பது முன்னூற்று ஐம்பத்தெட்டாம் படி. நடுவே ஆறு படிகள். ஒரு குழந்தைகூட மூச்சு வாங்காமல் ஏறிவிடும்.

புத்தாண்டு அன்று பாவாவின் கைகள் சிவந்து தடித்திருந்தன. இரண்டாம் நாள் இமைகள் வீங்கிக் கண் திறக்கவில்லை. ஒரு வாரத்தில் மூச்சில் விசில் சத்தம். என் கடையிலிருந்தே மாத்திரை கொடுத்தேன். வீக்கம் கேட்கவில்லை. வெளியூரில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனோம். அக்கா என் நோட்டையும் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

சரியாக இறுகாத ரெசின்தான் இப்படிச் செய்யும் என்றார் மருத்துவர். முழுக்க இறுகியதைக் கடைந்தீர்களா என்று கேட்டார். அக்கா நோட்டை நீட்டினாள். அவர் பக்கங்களைப் புரட்டினார். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதி வைப்பதில்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு, அப்படியானால் மரத்தூளாகத்தான் இருக்கும், சில பேருக்கு வருடக்கணக்கில் பழகிய மரமே ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்றார். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கச் சொன்னார்.

நான் நோட்டை வாங்கி மூடிக்கொண்டேன். என் நோட்டின் தூய்மையில் ரெசின் குற்றமற்றதாயிற்று. பழி மரத்தின்மேல் விழுந்தது.

பட்டறையை மூடிய ஒரு மாதத்தில் தோல் ஆறியது. பாவா ஆசையோடு திறந்து, வெறும் பூவரசங்கட்டை ஒன்றை லேத்தில் ஏற்றினார். மாலைக்குள் மறுபடி வீங்கினார். பட்டறையின் பலகைகளிலும் லேத்தின் இடுக்குகளிலும் அந்த மார்கழித் தூள்தான் படிந்திருந்தது. எனக்குத் தெரியும். பட்டறையைக் கழுவித் துடைத்துவிட்டால் மரம் அவரை ஒன்றும் செய்யாது. அதுவும் தெரியும்! அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் மற்றதைச் சொல்ல வேண்டும்.

"மரந்தான்டா" என்றாள் அக்கா.

லேத்தை அம்மையார்குப்பத்தில் ஒருவருக்கு விற்றார்கள். அதை வண்டியில் ஏற்றியபோது நானும் ஒரு கை பிடித்தேன். பாவா இப்போது மலையடிவாரத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். நாளெல்லாம் வெயிலில் நிற்கிறார். மரக்கடை வழியாகப் போக நேர்ந்தால் துண்டால் மூக்கை மூடிக்கொள்வார். அப்படி மூடுவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் ஏதோ ஒரு தேதியை மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

நானும் ரெசினை விட்டுவிட்டேன். பாவா இல்லாமல் எனக்கெதற்கு என்றேன். நல்ல மனசு என்றார்கள்.

இதோடு முடிந்திருந்தால் பழைய குற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். போன வாரம் அக்கா கடைக்கு வந்தாள். லேத்தை வாங்கியவர் வீடு மாறுகிறாராம், இடமில்லையாம், வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். பாவா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள். பழைய உளிகளை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைக்கிறாராம்.

"நீதான்டா சொல்லணும். நீ சொன்னா கேப்பாரு. மரம் அவருக்கு ஆவாதில்ல?"

கடையில் வேறு யாரும் இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆகும் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதற்கு இன்னும் ஒரு சொல். உங்களுக்குப் புரிகிறதா? மூன்று வருடம் கழித்து உண்மைக்கான கதவு தானாகவே திறந்து என் எதிரில் நின்றது.

"ஆவாதுக்கா" என்றேன். "டாக்டர் நோட்டப் பாத்துத்தான சொன்னாரு."

அவள் தலையாட்டிக்கொண்டு, அவருக்கு இருமல் மருந்து ஒன்று வாங்கினாள். பாட்டிலைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை டோக்கன் மேசையருகே பாவாவைப் பார்த்தேன். நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு அவர் எழுந்து நின்றார்.

"லேத்து வேணான்னு சொல்லியனுப்பிட்டேன் மச்சான். ஆசை யார விட்டுது? உன் நோட்டு இல்லன்னா மறுபடி மரத்துல கைய வெச்சிகினு, மூச்சு முட்டிச் செத்துருப்பேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய விரல் நகங்களில் உளிக்குப் போட்ட எண்ணெய் இன்னும் கறுப்பாக இருந்தது.

அந்த நோட்டு இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மார்கழி 3, பன்னிரண்டு கட்டைகள். அதன்கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. பேனாவும் திறந்துதான் இருக்கிறது...

நான் எழுதும் எதிலும் முதலில் தேதி போடுவேன். இந்த வாக்குமூலத்தில் போடவில்லை. நான் தேதி போட்டால் இதையும் இந்த ஊர் நம்பிவிடும்.