அப்பாவின் பெயரை முன்னே வைத்துத் தேடியவர்

அண்ணா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கதையில் தவறு செய்தவள் நான். அதை நானே சொல்வதுதான் முறை என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணா இலங்கையின் வடக்கே சாவகச்சேரியில் பிறந்தார். எங்கள் அப்பா செல்லத்துரை தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். அவர் காலமானபோது அண்ணாவுக்குப் பதினேழு வயது, எனக்கு ஐந்து. பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய பிள்ளை, நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவராகச் சேர்ந்து கொழும்புக்குப் போனார். அம்மாவின் மருந்து, என் பள்ளிக்கூடம், வீட்டுக் கூரை எல்லாம் அவர் தலையில் விழுந்தன. அம்மா போன பிறகு எனக்குத் தாயும் அவர்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "முதல் இவளை ஒரு கரையிலை சேர்ப்பம்" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஆஸ்திரேலியாவில் நிறம் பார்த்து ஆளெடுக்கும் சட்டம் போய்ச் சில காலத்துக்குள் அண்ணாவுக்கு சிட்னியில் வேலை கிடைத்தது. ஸ்ட்ராத்ஃபீல்டில் திருமதி ஹார்ட்லி என்ற விதவை அம்மையாரின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். குசினியை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அண்ணா சமைத்த சோற்றைச் சாப்பிட்டவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். இன்றைக்காவது அவரை மன்னித்துவிடுங்கள்.

திருமதி ஹார்ட்லிக்கு ஓர் ஆசை இருந்தது. தன் பிறந்த வீட்டாரின் வேரைக் கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய தகப்பன் வழிக் குடும்பப் பெயர் டேவிட். வேல்ஸ் நாட்டிலிருந்து சொந்தச் செலவில் வந்த வெள்ளைக்காரர்கள், அந்நாளில் இங்கிலாந்து கப்பலேற்றி அனுப்பிய கைதிகள் அல்ல என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அவருடைய மகன் கெவினுக்கு அதில் பெரிய பெருமை. கண் மங்கிய அம்மையாருக்காக அண்ணா சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய், நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய குடிக்கணக்கு ஏடுகளை மைக்ரோபிலிமில் பார்க்கத் தொடங்கினார். யார் கைதி, யார் சுதந்திரமாக வந்தவர், யார் இந்த மண்ணில் பிறந்தவர் என்று அந்த ஏடுகளில் ஆளுக்கு ஆள் குறித்திருப்பார்கள்.

ஒரு திருமணப் பதிவு மட்டும் கிடைத்தது. அம்மையாரின் பாட்டனார் அதில் 'ஜேக்கப் டேவிட்' என்று தன் பெயரைச் சொல்லியிருந்தார். அவருக்குத் தகப்பனாக இருக்கக்கூடிய ஒரு டேவிட்டைத் தேடி அண்ணா ஓராண்டு அலைந்தார். கிடைக்கவில்லை.

இதற்கிடையில் கொழும்பில் கலவரம் வந்தது. நான் அங்கே வேலை பார்த்துக்கொண்டு தங்கியிருந்த அறை எரிந்தது. பிறப்புச் சான்றிதழும் சாம்பலாகிவிட்டது. உடுத்த உடுப்போடு ஊருக்குப் போய் உறவினர் வீட்டு விறாந்தையில் படுத்தேன். வேலை போய்விட்டது. கச்சேரிக்கு, அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்குப் போனால், சான்றிதழின் பிரதி எடுக்க நாளைக்கு வா, அடுத்த கிழமை வா என்றார்கள். அண்ணா என்னை அழைக்க விண்ணப்பித்தார். குடிவரவுக் கந்தோரிலிருந்து பதில் வந்தது. உங்கள் இருவருக்கும் குடும்பப் பெயர் வேறாக இருக்கிறது, உடன்பிறந்தவர்கள் என்பதற்கு அறுபது நாளுக்குள் ஆதாரம் தேவை. சான்றிதழ் இல்லையென்றால், உங்களை நன்கு அறிந்த ஆஸ்திரேலியக் குடிமகன் ஒருவர் உறுதிமொழி எழுதித் தரலாம், அவரே தங்க இடமும் தர வேண்டும்.

அண்ணா கோபக்காரர். அன்று குசினியில் நின்று கடிதத்தை ஆட்டியபடி கத்தினாராம். "குடும்பப் பேராம் குடும்பப் பேர்! அப்பாவின்ரை பேரை முன்னுக்குப் போட்டுத்தானே எழுதியிருக்கு. இவங்களுக்குக் கண் தெரியேல்லையோ? பின்னுக்கு நிக்கிறது எங்கடை சொந்தப் பேர்!" கத்தி முடித்ததும் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாராம். ஜேக்கப் டேவிட். முன்னுக்கு நிற்பது அப்பா பெயர் என்றால், தேட வேண்டியது டேவிட்டை அல்ல.

அடுத்த சனிக்கிழமை அவர் ஜேக்கப்பைத் தேடினார். மதியத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆற்றோரக் குடியிருப்பு ஒன்றில் ஒரு வீடு. தலைவன் பெயர் ஜேக்கப், வேறு பெயர் இல்லை. சமையற்காரர். கறுப்பர். பிறந்த இடம் இலங்கை. சுதந்திரமாக வந்தவர். மனைவி ஆன். மகன் டேவிட், வயது நான்கு. திருமணப் பதிவோடு வயதும் பிறந்த ஊரும் பொருந்தின. வளர்ந்து பெரியவனான அந்த மகன், தகப்பன் பழக்கியபடி தகப்பன் பெயரை முன்னே சொல்லியிருக்கிறான். பதிவேட்டில் எழுதியவர் பின்னால் நின்ற டேவிட்டைக் குடும்பப் பெயராக்கிவிட்டார். அன்றைக்கு ஜேக்கப்பின் நினைவு அந்தக் குடும்பத்திலிருந்து காணாமல் போனது.

அண்ணா எனக்கு எழுதினார். "ரெண்டு காகிதம் என்ரை மேசையிலை கிடக்கு. ஒண்டு அவவுக்குக் காட்ட வேண்டியது. மற்றது உனக்காக அவ கையெழுத்து வைக்க வேண்டியது. வேறை ஆரையும் எனக்கு இஞ்சை அவ்வளவு பழக்கமில்லை. எதை முதல் குடுக்கிறது எண்டு யோசிக்கிறன்."

நான் யோசிக்கவே இல்லை. எப்போதோ செத்துப்போன ஒரு சமையற்காரனுக்காக என் வாழ்க்கையைப் பணயம் வைப்பதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. தபால் கந்தோருக்கு ஓடிப் போய், 'முதலில் கையெழுத்து' என்று தந்தி அடித்தேன். அதற்குப் பிறகு காகிதத்தைக் காட்டவே வேண்டாம் என்றுதான் மனதில் நினைத்தேன். இன்று அதை எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை.

தந்தி அண்ணாவுக்குக் கிடைத்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குடிக்கணக்குக் காகிதத்தை முதலில் கொடுத்தார். கையெழுத்து வாங்கிய பிறகு சொன்னால் அந்த மனிசியை ஏமாற்றியதாகிவிடும் என்பது அவர் எண்ணம். திருமதி ஹார்ட்லி பூதக்கண்ணாடியால் அதை இரண்டு தரம் வாசித்தார். எழுந்து அடுப்பை அணைத்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினொரு நாள் அவர் பேசவில்லை. அண்ணா குசினிக்குள் வந்தால் அவர் வெளியே போவார். அறுபதில் நாற்பத்தாறு நாள் கழிந்துவிட்டது. நான் ஊரில் தபாற்காரரை மறித்து மறித்துக் கேட்டதில் அந்த மனிதர் பாதையையே மாற்றிக்கொண்டார். அண்ணா மட்டும் அந்த உறுதிமொழிப் படிவத்தைப் பற்றி அம்மையாரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. தன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பன்னிரண்டாம் நாள் காலையில், குடிவரவுக் கடிதத்தைப் பற்றி முன்பே அறிந்திருந்த அம்மையாரே வந்து படிவத்தைக் கேட்டார். நான்கு வருடமாக வாரம் தவறாமல் வந்த என் கடிதங்களை வாசலில் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அதையே எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். அந்தக் குடிக்கணக்குக் காகிதம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, கெவினுக்குத் தெரியக் கூடாது. அண்ணா வாக்குக் கொடுத்தார்.

நான் வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில், "அண்ணா, என்ரை தந்தி கிடைச்சதோ?" என்று கேட்டேன்.

"ஓம், கிடைச்சது. பையைத் தா, பாரமாக்கும்" என்றார். அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் பிறகு ஒரு நாளும் பேசவில்லை.

அந்த டிசம்பரில், நத்தார்ப் பண்டிகை விருந்தில் கெவின் கோப்பையைத் தூக்கி, வேல்ஸிலிருந்து வந்த மூதாதையருக்கு வாழ்த்துச் சொன்னார். திருமதி ஹார்ட்லி மேசை விரிப்பைப் பார்த்தபடி இருந்தார். எங்கே என் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று நான் உருளைக்கிழங்கை நாலாய் எட்டாய் வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாவும் கோப்பையைத் தூக்கினார்.

நான் வந்து எட்டாவது மாதம், ஒரு பிற்பகலில், அண்ணா ரயில் மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். செய்தி வந்ததும் கெவின்தான் தன் காரில் என்னையும் அம்மையாரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். உள்ளே விடும் மேசையில் இருந்த பெண் என் பெயரையும் அண்ணாவின் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். குடும்பத்தினர் மட்டும்தான் போகலாம் என்றார். மனைவியா என்று கேட்டார். தங்கை என்றேன். பெயர் ஒத்து வரவில்லையே, கடவுச்சீட்டு இருக்கிறதா என்றார். ஓடி வந்த அவசரத்தில் ஒன்றும் எடுத்து வரவில்லை. எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணாவின் உயிர் போய்க்கொண்டிருந்தது.

அப்போது திருமதி ஹார்ட்லி கைத்தடியை மேசையில் தட்டினார். "இவள் அவருடைய தங்கை. தகப்பன் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். இரண்டு பேருக்கும் முன்னால் நிற்கிற பெயரைப் பார். எனக்கு நன்றாகத் தெரியும். என் குடும்பமும் இலங்கையிலிருந்து வந்ததுதான். எங்களிடமும் இதுதான் வழக்கம்."

பின்னால் கெவின் கார்ச் சாவியோடு நின்றிருந்தார். அம்மையார் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் கதவைத் திறந்தார்.

அண்ணாவோடு எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. "வந்திட்டியோ" என்று மட்டும் கேட்டார். ஓம் அண்ணா என்றேன். தந்திக்கு மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் என் கையைத் தட்டி, பேசாமல் இரு என்று தலையை அசைத்தார். அவருக்கு அப்போது நாற்பது வயதும் ஆகவில்லை.

ஈமக் கிரியைக்கு ஊரிலிருந்து யாரும் வர முடியாத நிலையில், சிட்னியில் இருந்த ஒருசில தமிழ்க் குடும்பங்கள் வந்து எல்லாவற்றையும் செய்தன. மெல்பேர்னிலிருந்து இரவு பகலாய்க் காரோட்டி வந்து கிரியை நடத்திக் கொடுத்த ஐயாவுக்கும், என்னைத் தனியே விடாமல் முறை வைத்துத் தங்கிய அந்த வீட்டுப் பெண்களான அன்ரிமாருக்கும், அண்ணாவோடு வேலை செய்தவர்களுக்கும், இந்த மலரை ஊரில் அச்சிட்டு அனுப்பியவர்களுக்கும் என் நன்றி. திருமதி ஹார்ட்லிக்கு நன்றி சொல்ல என்னிடம் சொல் இல்லை. இப்போதும் அவர் வீட்டில்தான் இருக்கிறேன்.

கெவினுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். மருத்துவமனைக்குப் பிறகு ஒரு மாதம் அவர் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு, யாரும் அழைக்காமலே வந்தார். சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தக் காகிதத்தைக் கேட்டார். அம்மையார் தலையசைத்தார், நான் எடுத்து வந்து கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். வெகுநேரம் வாசித்தார். பிறகு ஜேக்கப் என்ற பெயருக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்து, "இங்கே வர வேண்டிய பெயர் என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

தெரியாது என்றேன். அண்ணா இருந்திருந்தால் வருகிற சனிக்கிழமையே தேடப் போயிருப்பார் என்றும் சொன்னேன்.

"எந்த நூலகம்?" என்று கேட்டார்.