மூன்று கருங்கோடுகள்

கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தில் மெல்லிய கம்பியொன்றை இழுத்துப் பிடித்தால் முதலில் ஒரு கீச்சுச் சத்தம் வரும், பிறகு நூல்போலப் புகை எழும்பும், கம்பியை எடுத்துவிட்டுப் பார்த்தால் வெள்ளை மரத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு அழியாமல் விழுந்திருக்கும். அந்தக் கருகல் மணம் எண்ணெய் வைத்த தலைமுடியில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அதுவரை எங்கள் வீட்டில் கருகல் மணம் வந்தால் அம்மா அடுப்பைத்தான் போய்ப் பார்ப்பார்; எனக்குப் பதின்மூன்று வயதான அந்த இலையுதிர் காலத்தில் என்னைப் பார்க்கத் தொடங்கினார்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த, ஜெர்மன் பேசும் பாடன் நகரில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் பழைய வேலியொன்று நின்றது. இலை கொட்டியதும் குளிரில் கொப்பெல்லாம் சிவந்துபோகும் செடி, 'ஹார்ட்ரீகல்' என்பார்கள். தமிழில் அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேலியை வெட்டிக் குறைத்தபோது, 'வெர்கன்' என்று நாங்கள் சொல்லும் கைவேலைப் பாடத்தின் ஆசிரியை அதன் நேரான தண்டுகளைப் பொறுக்கியெடுத்து நெடுநாள் காயவைத்திருந்தார். பார்வைக்கு வெறும் விறகு, கையில் எடுத்தால் இரும்புக் கனம். விரும்பியதைக் கடையலாம் என்று அவர் சொன்னதும் மற்றவர்கள் மெழுகுதிரித் தாங்கி, பொம்மை என்று தொடங்க, நான் கோலாட்டத் தடி என்றேன். நத்தார் என்னும் கிறிஸ்மஸுக்கு முன்னர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் ஒளிவிழாவுக்கு எங்கள் கோலாட்டம் ஒத்திகையில் இருந்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. தலைமுடி தொங்குகிற எவரும் கடைசல் இயந்திரத்துக்குக் கிட்ட வரக்கூடாது என்பது ஆசிரியையின் சட்டம், என் பின்னலோ இடுப்புக்குக் கீழே தொங்கியது. அது என்னுடைய பின்னல் என்பதைவிட அம்மாவுடைய பின்னல் என்பதுதான் சரி. தினமும் காலையில் வேலைக்கு ஓடுகிற அவசரத்திலும் அவர்தான் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவார். கொண்டை போட்டால் வழுக்கி அவிழ்ந்தது. கடைசியில் நீச்சல் பாடத்துக்குக் கொண்டுபோகும் நீலநிற ரப்பர் தொப்பியைக் கொண்டையோடு சேர்த்து இழுத்து மாட்டிக்கொண்டு போய் நின்றேன். மண்டை இரண்டு பங்கு பெருத்துத் தெரிந்தது. வகுப்பே சிரித்தது. சிரித்துக்கொள்ளட்டும், ஆசிரியை உளியை என் கையில் தந்துவிட்டார்.

நான் அவசரக்காரி. சோற்றைக்கூட ஆறவிடமாட்டேன். ஆனால் அந்த மரம் அவசரத்துக்கு மசியாது. உளியை ஒரு பொட்டு கூடுதலாக அழுத்தினாலும் மெல்லிய தண்டு அதிர்ந்து, அதன் உடல் முழுவதும் தழும்பு விழுந்துவிடும். எப்படியோ ஒரு சோடி தேறியது. இரண்டையும் தட்டியபோது எழுந்த சத்தம் மணிச்சத்தம்போலச் சுத்தமாக இருந்தது. ஒவ்வொன்றிலும் மூன்று கோடுகளைக் கருக்கினேன். இது நான் செய்தது என்பதற்கான அடையாளம்.

பெருமையாக ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். முதல் சுற்றிலேயே எதிரில் ஆடியவள் கடையில் வாங்கியிருந்த தடி இரண்டாக முறிந்தது. அடுத்த சுற்றில் இன்னொருத்தியுடையது. டான்ஸ் ரீச்சர் பாட்டை நிறுத்தினார். "பிள்ளை, உன்ர தடி மற்றப் பிள்ளையளின்ர தடியெல்லாத்தையும் முறிச்சுப்போடும். ஒண்டில் எல்லாருக்கும் இதே தடி, இல்லாட்டி நீயும் கடைத்தடிதான்."

என் தடியைக் கீழே வைக்க எனக்கு மனமில்லை. ஆகவே எட்டுப் பேருக்கும் நானே கடைந்தேன். மதிய இடைவேளைகளெல்லாம் அதிலேயே போயின. தலையில் ஏறிய மணத்தை வைத்து அம்மா கண்டுபிடித்தது அப்போதுதான். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: "கடையிறதெண்டால் கடை. ஆனா வெளியில சொல்லாதை. பொம்பிளைப் பிள்ளை மரவேலை செய்யுதெண்டால் சனம் என்ன கதைக்கும்?"

ஒளிவிழாவில் எட்டுச் சோடித் தடிகளும் ஒன்றாக விழுந்தபோது மண்டபத்தில் கதைத்துக்கொண்டிருந்த ஆண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆடி முடித்து வியர்வையோடு வந்தேன். அம்மாவுக்குப் பக்கத்திலிருந்த அன்ரி ஒருவர் என் தடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சத்தமாக் கிடக்கு. எங்கை வாங்கினனீங்கள்?"

"இந்தியாவில இருந்து எடுப்பிச்சது," என்றார் அம்மா.

"இந்தக் கறுப்புக் கோடு கொம்பனி மார்க்கோ?"

"ஓம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் யன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். அந்தக் கோபம்தான் என்னை வளர்த்தது என்று சொன்னால் மிகையில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் அலுவலக வேலை படிக்கச் சொன்னார் அம்மா. நான் பின்னலை வெட்டிவிட்டு, இயந்திரத் தொழில் படிக்கப் போனேன். ஒரு கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை. இன்று பாடனில் ஒரு தொழிற்சாலையில் இரும்பைக் கடைகிறேன், நன்றாகவே கடைகிறேன்.

போன மார்கழியில் ஓர்லிகோனில் நடந்த ஒளிவிழாவில் என் மகளும் அவளுடைய கூட்டாளிகளும் அதே தடிகளால் ஆடினார்கள். ஒன்றிலும் ஒரு வெடிப்பில்லை. முன்வரிசையில் அம்மா, அவருக்குப் பின்னால் நான். பக்கத்திலிருந்த இளம் தாய் ஒருவர் அம்மாவிடம் கேட்டார்: "நல்ல தடியள். இந்தியாவில எடுத்ததோ?"

"இந்தியாவோ?" அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "என்ர மோள் கடைஞ்சது. அந்த மூண்டு கோட்டைப் பாத்தனீரோ? அது அவவின்ர அடையாளம்."

நான் முன்னால் குனிந்து, "கொம்பனி மார்க் எண்டல்லோ அண்டைக்குச் சொன்னனீங்கள்?" என்றேன்.

"ஆர், நானோ? நான் எப்பவும் இதைத்தான் சொல்லுறனான்," என்றார் அம்மா, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பள்ளிக்கூட வேலி நின்ற இடத்தில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். நீலத் தொப்பி வெடித்துக் குப்பைக்குப் போய்விட்டது. பின்னலும் இல்லை. இத்தனையோடு அம்மாவின் அந்த இந்தியப் பொய்யும் போய்த் தொலைந்திருந்தது. அதைத் தேடிப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. தடிகள் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.