செவிலிமேட்டுக் கல்யாணத்தில் ஒரு ஷாம்பு பாக்கெட்

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி வழிச் சொந்தத்தில் கல்யாணம் என்று காஞ்சிபுரம் போனோம். தாம்பரத்தில் ஐந்தே காலுக்குப் பஸ் ஏறி, ஏழு மணிக்கு இறங்கினோம். அங்கிருந்து செவிலிமேட்டு மண்டபத்துக்கு ஆட்டோ நூற்று இருபது ரூபாய். பேரம் பேசினால் நூறுக்கு வருவார்கள்; எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

மனைவி செல்வி கட்டியிருந்தது அவள் அம்மாவின் அரக்குப் பட்டு. அம்மா காலமான பிறகு அது அக்கா மல்லிகாவிடம் இருக்கிறது. இந்தக் கல்யாணத்துக்காக இரவல் வாங்கியிருந்தாள். சாயங்காலம் திருப்பித் தர வேண்டும்.

பந்தியில் காஞ்சிபுரம் இட்லி. மிளகும் சுக்கும் மணக்கும் அந்த இட்லிக்காகவே இந்த ஊருக்கு வரலாம். பரிமாறியவர் தாராளமாக ஊற்றிய நெய் இலையில் வழிந்து செல்வியின் மடியில் சொட்டியது. எட்டணா அகலத்துக்குக் கறை.

“அக்கா பாத்தா அவ்ளோதான்” என்றாள். முகம் செத்துவிட்டது.

நான் வேலை பார்ப்பது ஷாம்பு கம்பெனி ஆய்வகத்தில். எதிர்க் கடையில் இரண்டு ரூபாய்ப் பாக்கெட்டுகளைப் புரட்டினேன். பொடுகுக்கானது வேண்டாம், அதில் இருக்கும் துத்தநாகப் பொடி துணியில் வெள்ளையாகப் படியும். கண்டிஷனர் கலந்ததும் வேண்டாம். முடியை வழவழப்பாக்கும் சிலிக்கோன் பட்டில் படலமாக உட்கார்ந்துவிடும். பொடி எழுத்தைப் படித்து, இரண்டும் இல்லாத ஒன்றை எடுத்தேன்.

“தலைக்குப் போடறத பட்டுல போடுவாங்களா? நீங்க சும்மா இருங்க.”

“முடியும் புரதம், பட்டும் புரதம்தான்மா. சோப்புல இருக்கற காரம் பட்டுக்கு ஆவாது. இதுல சிட்ரிக் அமிலம் போட்டு அதைச் சரி பண்ணியிருப்போம்.”

அரைமனதோடு வேறு புடவைக்கு மாறி, இதைக் கொடுத்தாள். உள்பக்க ஓரத்தில் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு கலந்து, தேய்க்காமல் ஒற்றினேன். ஷாம்புவில் அழுக்கெடுக்கும் லாரெத் சல்பேட்டின் ஒரு முனை நெய்யைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அலசினால் நெய்யும் கூடவே போய்விடும். நுரையெல்லாம், வாங்குகிறவர் மனத்திருப்திக்குத்தான்.

நெய் போய்விட்டது. ஆனால் காய்ந்ததும் தண்ணீர் நின்ற இடத்தில் மங்கலாக ஒரு வளையம் தெரிந்தது. அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. செல்வி நேரே, கல்யாணத்துக்கு வந்திருந்த அக்காவிடம் போய்க் காட்டிவிட்டாள்.

மல்லிகா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கறை பண்ணிட்டியா? அப்போ எனக்கு வாணாம். நீயே வச்சுக்கோ.”

செல்வி அழுதுவிட்டாள்.

“அழுவாதமா. அம்மா புடவைய நீயா வாய் தொறந்து கேப்பேன்னு இத்தினி வருஷமா பாத்துக்கினு இருந்தேன்.”

பட்டோடு பயணம் போகிறவர்கள் இப்படி ஒரு சாதா பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஜரிகை மேல் மட்டும் படவிடாதீர்கள். மாலை நாலு மணிக்கு மேல் தாம்பரம் பஸ்ஸில் இடம் கிடைப்பது கஷ்டம். எங்களுக்கு ஒரே சீட்தான் கிடைத்தது. நான் நின்றுகொண்டு வந்தேன். செல்வி புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாம்பரம் வரை அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.