அண்ணிக்காகக் குத்திக்கொண்ட காது

முப்பத்தொரு வயதில் நான் காது குத்திக்கொண்டேன். ஆசைப்பட்டு அல்ல. என் கணவரின் அக்காவைப் பழிவாங்க.

எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் நகை போட மாட்டார்கள். அம்மா போகும் சபையில் ஞானஸ்நானம் எடுக்கும்போதே தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். பொன்னேரியில் நாங்கள் இருந்த தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் என்பதால் வெறுங்காது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. கும்மிடிப்பூண்டியில் பிஸ்கட் கம்பெனிக்கு வேலைக்குப் போனபோது அது வசதியாகக்கூட இருந்தது. மாவில் விழுந்துவிடும் என்று கேட்டிலேயே தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். மற்ற பெண்கள் வரிசையில் நின்று திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் நேராக உள்ளே போய்விடுவேன். அங்கே வேலை பார்த்த ஒருவரைத்தான் கட்டிக்கொண்டேன். அவர்கள் இந்துக்கள். அவருக்கு அம்மா இல்லை. மாமியார் இல்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா, என் அண்ணி, இருந்தார்.

அண்ணி பொதட்டூர்பேட்டையில் இருக்கிறார். அவருடைய பெரிய பெண்ணுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் என்ற முறையில் என் கணவர் மடியில் குழந்தையை உட்காரவைத்தார்கள். தாய்மாமன் பக்கத்தில் அவர் மனைவி உட்கார வேண்டும். குத்தி முடித்ததும் குழந்தையின் வாயில் சர்க்கரை போட வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். நானும் புடவை மடிப்புக் கலையாமல் போய் உட்கார்ந்தேன். அண்ணி என்னிடம் குனிந்தார். குரலைத்தான் தாழ்த்தவில்லை.

“நீ எய்ந்திரும்மா. மூளிக்காதோட மணையில குந்தினா கொயந்தைக்கு ஆவாது.”

எழுந்தேன். யாரோ ஒரு சித்தி என் இடத்தில் உட்கார்ந்து சர்க்கரை போட்டார். பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை. அண்ணியை அவ்வளவு லேசாக விட எனக்கு மனமில்லை.

மூன்று வருஷம் காத்திருந்தேன். சின்னவளுக்குத் தை மாதம் காதுகுத்து என்று சேதி வந்தது. இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. மறுநாளே பஜாரில் ஒரு நகைக்கடைக்குப் போய், என் போனஸில் வாங்கிய தங்கத் தோட்டைக் கொடுத்துக் குத்தச் சொன்னேன். வலித்தது. அண்ணியின் முகத்தை நினைத்துக்கொண்டேன், பொறுத்துக்கொள்ள முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரிக்குப் போனேன். அம்மா என் காதையே பார்த்தார். திட்டுவார் என்று பதில்களோடு போயிருந்தேன். “யாருக்கோசரம் குத்திகினே?” என்று மட்டும் கேட்டார். அண்ணிக்காக என்றேன். அம்மா சோறு போட்டார். அன்றைக்கு ஜெபம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. அதில் எனக்காகவும் வேண்டிக்கொண்டார், அண்ணிக்காகவும் வேண்டிக்கொண்டார். அண்ணிக்காக வேண்டிக்கொண்டது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கேட்டில் தோட்டைக் கழற்ற வேண்டுமே, அதைத்தான் நான் யோசிக்கவில்லை. ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க லைனில் இருந்த பெண்கள் ஒரு வழி சொன்னார்கள்: துடைப்பக் குச்சியைச் சின்னதாகக் கிள்ளிச் செருகிக்கொள். அவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர்கள் காது குத்திக் காலம் ஆகியிருந்தது, என் காது குத்தி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. காலையில் தோட்டைக் கழற்றிக் குச்சி, சாயங்காலம் குச்சியை எடுத்துத் தோடு. அதற்குமேல் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசி, ஒட்டிக்கொள்ளாமலிருக்கத் தினமும் திருகியும் விட்டேன். பத்தாம் நாள் இடது காது சிவந்து, குலாப் ஜாமூன் மாதிரி உப்பிவிட்டது. தொப்பியின் எலாஸ்டிக் பட்டாலே கண்ணில் தண்ணீர் வந்தது. தோட்டையே எடுத்துவிட வேண்டியதுதான் என்றார்கள் லைன் பெண்கள். எடுத்தால் தூர்ந்துவிடும். தை மாதம் மறுபடியும் நான் அதே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கம்பெனி முதலுதவி அறையில் ஒரு நர்ஸ் இருந்தார். பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். சீழ் இல்லை, வெறும் எரிச்சல்தான். சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்றார். குச்சி, மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது. தோட்டைக் கழற்றவும் கூடாது, திருகவும் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளரில் கால் ஸ்பூன் உப்புக் கரைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான துணியை நனைத்துக் காலையும் மாலையும் ஒற்றி எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

“அது தானா ஆறும். நீ தான் ஆற உட மாட்டேன்ற,” என்றார்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சி, தோட்டோடு வேலை செய்யலாம் என்று வெளியே பெட்டி அடுக்கும் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டேன். இடுப்பு கழன்றது. தலையணை உறையை அடிக்கடி மாற்றினேன், வலது பக்கமே படுத்தேன், போனை வலது காதில் மட்டும் வைத்தேன். இதெல்லாம் சுலபம். கையை வைக்காமல் இருப்பதுதான் முடியாத காரியம். ஊறல் எடுக்கும்போதெல்லாம் கை தானாகப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு இறக்குவேன். காலை, மாலை இரண்டு வேளையும் காதுக்கு உப்புத் தண்ணீர், அண்ணிக்கு வசவு. ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. நாலாவது வாரம் வீக்கம் வடிந்தது. தை பிறப்பதற்குள் காது என்னுடையதாகிவிட்டது.

திருத்தணி போய் பஸ் மாறிப் பொதட்டூர்பேட்டையில் இறங்கினோம். கொண்டையைத் தூக்கிப் போட்டிருந்தேன், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தோடு தெரியும். அண்ணி என் முகவாயைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பவுனா என்று கேட்டார். பவுன்தான் என்றேன்.

என் கணவர் மடியில் சின்னவளை உட்காரவைத்தார்கள். பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி சர்க்கரைக் கிண்ணத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வா, குந்து. இப்ப தான் காதுல போட்டுகினு கீறியே.”

மூன்று வருஷமாக நான் ஆசைப்பட்ட அழைப்பு. ராணி மாதிரி நடந்து போய் உட்கார வேண்டும் என்று பெட்டி அடுக்கும்போதெல்லாம் நினைத்திருக்கிறேன். ஆனால் கூப்பிட்டது என்னை இல்லை, தோட்டை. கம்பத்தோரமே நின்றேன்.

“போன தடவையும் நான் தான் அவரு பொண்டாட்டி, அண்ணி,” என்றேன்.

தாய்மாமன் பொண்டாட்டி ஏன் நிற்கிறாள் என்று ஒரு பெரியவர் அண்ணியைக் கேட்டார். போன தடவை சொன்ன காரணத்தை இந்தத் தடவை சொல்ல முடியாது. வேறு காரணம் அவரிடம் இல்லை. குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. பாவமாக இருந்தது. இருந்தாலும் நான் நகரவில்லை; பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. என் கணவர் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

அத்தனை வருஷத்தில் ‘இந்தாம்மா’ தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிடாத அண்ணி, மெதுவாக என் பெயரைச் சொன்னார். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை, பந்தல் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். அப்புறம்தான் போய் உட்கார்ந்தேன்.