கணக்கெடுப்பு வாத்தியாரிடம் நான் சொன்ன பதில்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். இன்றைக்கு ராஜபாளையத்தில் இருபது தறி ஓட்டுகிறேன். என் தறியில் நெய்த பேண்டேஜ் துணி பஞ்சாப் வரைக்கும் போகிறது. பேங்க் மேனேஜரே எழுந்து நின்றுதான் பேசுவார். எனக்குப் பயம் என்பதே கிடையாது என்பார்கள். உண்மைதான். இருந்த பயம் அத்தனையையும் எட்டு வயதில் ஒரே வாரத்தில் பட்டுத் தீர்த்துவிட்டேன்.

அந்த வருஷம் ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒரு வாத்தியார் வந்தார். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். பெரிய மனுஷிபோல எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். வீட்டில் என்ன பாஷை என்றார். தெலுங்கு என்றேன். எழுதிக்கொண்டு போனார்.

பக்கத்து வீட்டுச் சிநேகிதி கேட்டுக்கொண்டே நின்றாள். தமிழ் வீட்டுப் பிள்ளை, என்னைவிட மூத்தவள்.

"ஏட்டி, கெடுத்தியே. தெலுங்குன்னு எழுதிட்டாகன்னா, உங்க எல்லாத்தையும் லாரியில ஏத்தி ஆந்திராவுல கொண்டுபோயி விட்ருவாக."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்களுக்குத் தெலுங்கு வாயில்தான் உண்டு. எழுத்து ஒருவருக்கும் தெரியாது. அங்கே போனால் பஸ்ஸில் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்றுகூட வாசிக்க முடியாதே. தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் அப்பாவின் தறிக்குழிக்குள் இறங்கிக்கொண்டேன். யாராவது ஒட்டுக் கேட்டால் தமிழ் வீடென்று நினைக்கட்டும் என்று, அம்மா தெலுங்கில் கூப்பிட்டதற்கெல்லாம் தமிழில் பதில் சொன்னேன். அவள் சத்தமாகப் பேசினால் வாயைப் பொத்தினேன். பிள்ளையை எதுவோ பிடித்துவிட்டது என்று அம்மா முடிவு கட்டி, ஓதி ஊதுவதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி தெலுங்கிலேயே எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அம்மாவின் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

பள்ளிவாசலுக்கு வெளியே, திருநீறு பூசிய பிள்ளைகளையும் சிலுவை போட்ட பிள்ளைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். தொழுகை முடிந்து வந்த பெரியவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓதி ஊதினார். என் முறை வந்ததும் தலையில் கை வைத்து, என்ன பயம் என்று கேட்டார். அம்மாவுக்குக் கேட்காமல் அவர் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னபிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"நீங்க வீட்டுல என்ன பேசுவீக?"

"உருது, தாயி."

"எழுதிட்டுப் போயிட்டாகளா?"

"முந்தாநேத்தே எழுதிட்டாக."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பாவம், இவருக்குச் சேதியே தெரியவில்லை.

"அப்பம் உங்களையும் ஏத்திருவாக. நீங்க எங்க லாரியிலயே வந்துருங்க. எங்க அம்மா எடம் போடும்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நாம எங்கயும் போக மாட்டோம் தாயி" என்றார். சொன்னது என்னிடம்தான், ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு கண்ணை மூடி, மற்றப் பிள்ளைகளைவிட அதிக நேரம் எனக்கு ஓதினார்.

திரும்பும்போது எனக்குப் பயம் பாதி விட்டிருந்தது. துணைக்கு ஆள் கிடைத்துவிட்டதே! ஓதி முடிகிறவரை என் தலைமேல் இருந்த அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்ததை அம்மாவிடம் தெலுங்கிலேயே சொன்னேன். ரொம்ப வயசாகிவிட்டது போல, பாவம் என்று.